தனம் ஒட்டிய தாள்கள்

தனத்தின் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணனின் போன் வந்தபோது, வேலைக்குப் போகும் நம் காலை ரயில் பங்காருப்பேட்டையைத் தாண்டியிருந்தது. "தனம் பூட்டாம்மா" என்றார். முந்தின நாள் சாயங்காலம் நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் நம் பெட்டியில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்கள். ஆளாளுக்கு என்னைத் தேற்றினீர்கள். உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். தனம் இருந்தவரை அந்த வீட்டுச் சுவரைக் கண்காணிக்க ஒருத்தி இருந்தாள். இனி அந்தக் கடைசி அறையில் ஏழுமலை அண்ணன் தனியாகப் படுப்பாரே என்றுதான் நினைத்தேன். அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தனத்தைப் போல் பயந்தவளை நான் பார்த்ததில்லை. இதைக் கேட்டால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், பெருமைப்படுவாள். இருபது வருடம் நம்மோடு இதே ரயிலில் வந்தாள். ஒரு நாளாவது கதவோரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? எங்கள் அலுவலகம் நாலாவது மாடியில். அவள் லிஃப்டில் ஏற மாட்டாள். "எங்கப்பா முப்பது வர்சம் கேஜ்ல எறங்கி ஏறனாரு. எங்க குடும்பத்துக்கு அது போதும்டி" என்பாள். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கூண்டைச் சொல்கிறாள். அவள் மூச்சு வாங்கப் படியேறி வருவதற்குள் நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னா மேடம், இன்னிக்கும் லேட்டா?" என்று வம்பு இழுப்பேன். பையால் என் முதுகில் ஒன்று போட்டுவிட்டுத்தான் உட்காருவாள்.

அப்படிப்பட்டவள் மைசூர் மைன்ஸ் சுரங்கப் பகுதியில் பூட்டிக் கிடந்த ஒரு பழைய வீட்டை வாங்கப் போகிறேன் என்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுரங்கக் கம்பெனி காலத்துக் கல் வீடு. மண் சாந்து வைத்துக் கட்டிச் சுண்ணாம்பு பூசியது. நாலு அறை, சமையலறை, பாதிக்கு மேல் ஓடு இல்லாத கூரை. அடியில் எத்தனை லெவல் தோண்டி வைத்திருக்கிறார்களோ யாருக்குத் தெரியும்? சுரங்கத்தை மூடி இத்தனை வருடம் ஆகியும் என்றைக்காவது ஒரு நாள் பூமிக்குள் பாறை வெடித்து மேலே வீடு குலுங்குகிறது. ஏர் பிளாஸ்ட் என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்வோம். தனத்துக்கு அந்த வார்த்தையைச் சொன்னாலே முகம் வெளுத்துவிடும்.

"பயந்தாங்கொள்ளி, ஒனக்கு வேற வூடே கெடைக்கலயா?" என்று கேட்டேன்.

"ஸ்கெலட்டன் லைன் வூட்ல நாங்க ஏழு பேரும் ஒரே ரூம்புலதான் பொறந்து வளந்தோம். கட்டிகினு வந்த வூட்லயும் ஒரே ரூம்புதான். என் பொண்ணு பிரசவத்துக்கு வந்தா கதவ சாத்திகினு படுக்க ஒரு ரூம்பு வோணும்டி. நான் பயந்துகினே கட்டிக்கிறேன், உனுக்கின்னா?" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். வேலையை முன்கூட்டியே விட்டாள். ஏழுமலை அண்ணன் கனரகத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றிருந்தார். கொத்தனாரை வைத்துக்கொள்ளக் கூடாதா என்று நான் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "ஆள் வெச்சா அவங்க அவசரத்துக்கு வேல செய்வாங்க. என் பயத்துக்கு யாரு வேல செய்வாங்க?"

அவள் பயத்துக்கு அவர்கள் இரண்டு பேருமே வேலை செய்தார்கள். சமையலறையில் குடியிருந்துகொண்டு ஒவ்வொரு அறையாக எடுத்தார்கள். முதலில் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு, தனம் சுத்தியல் காம்பால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்பாள். சத்தம் கெட்டியாக வந்தால் விடுவாள். பொத்தென்று வந்தால் அண்ணன் அந்தக் கல்லைப் பெயர்த்து மறுபடி வைக்க வேண்டும். அதன் பிறகு விரிசல் ஒவ்வொன்றின் மேலும் தினக் காலண்டரிலிருந்து அன்றைய தேதித் தாளைக் கிழித்து மைதாப் பசை போட்டுக் குறுக்காக ஒட்டுவாள். சுவர் நகர்ந்தால் தாள் கிழியும். எந்தத் தேதியில் ஒட்டியது என்பதும் தாளிலேயே இருக்கும். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஒரு தாளும் கிழியாமல் இருந்தால்தான் பூச்சு. ஒன்று கிழிந்தாலும் அந்தச் சுவரைச் சரி பார்த்துவிட்டு மறுபடி முதல் நாளிலிருந்து. ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள்கூட இவ்வளவு கணக்காக இருந்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பழக்கம் அவள் அப்பாவிடமிருந்து வந்தது. சுரங்கத்தில் அவர் மர முட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தார். பாறை இடுக்கில் ஒரு மர ஆப்பைச் செருகி வைப்பாராம். ஆப்பு தளர்ந்து விழுந்தால் பாறை வாயைத் திறக்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் ஆப்பு விழுந்ததைப் பார்த்து அவர் ஓடி வந்திருக்கிறார். கூட இருந்த இரண்டு பேர் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு அங்கேயே நின்றிருக்கிறார்கள். தனம் இந்தக் கதையை முழுதாகச் சொல்ல மாட்டாள். "பயந்தவருதான் அன்னிக்கு சோத்துக்கு வூட்டுக்கு வந்தாரு" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

இரண்டாவது அறை வேலை நடந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். டீ டம்ளரைக் கையில் வாங்குகிறேன், காலுக்கு அடியில் 'டம்' என்றது. அலமாரியில் தட்டுகள் கிலுகிலுத்தன. ஓட்டிலிருந்து மண் கொட்டியது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தனம் வாசலுக்கு ஓடியிருந்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. ஏழுமலை அண்ணன் கொத்துக் கரண்டியும் கையுமாகப் பின்னால் வந்து நின்றார். எல்லாம் அடங்கிய பிறகு எங்கள் இருவருக்கும் உள்ளே போகக் கால் வரவில்லை. தனம்தான் போனாள். நடுங்கிக்கொண்டே, முருகா முருகா என்று முணுமுணுத்துக்கொண்டே, ஒவ்வொரு தாளாகத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். "ரெண்டு கிழிஞ்சிகீது. நாளைலேர்ந்து மறுபடி மொதல்லேர்ந்து" என்றாள். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் சிரித்தேன். அவளுடைய பயத்தைப் பார்த்து நான் சிரிக்காத நாளே இல்லை.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

கடைசி அறை மகள் கவிதாவுக்கானது. அவள் ஓசூரில் புகுந்த வீட்டில் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். வீடு வேலை முடியாவிட்டால் பிரசவத்தை ஓசூரிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்று அவள் மாமியார் சொல்லிவிட்டார். மண்டலத்தில் நாற்பத்தோரு நாள் முடிந்திருந்தது. வளைகாப்புக்காகத் தனமும் அண்ணனும் ஓசூர் போனார்கள். ஹாலில் புதுப் பூச்சுக்குத் தண்ணீர் தெளிக்கச் சொல்லி என்னிடம் சாவி கொடுத்திருந்தார்கள். அன்று மத்தியானம் ஒரு ஏர் பிளாஸ்ட் வந்தது. பெரிசில்லை. தண்ணீர் தெளிக்கப் போன நான் கடைசி அறையை எட்டிப் பார்த்தேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு தாள் கிழிந்திருந்தது. நடுவில், நகக்கீறல் அளவுக்கு.

நான் நினைத்தது இதுதான். இவள் திரும்பி வந்து இதைப் பார்த்தால் மறுபடி நாற்பத்தெட்டு நாள். பிள்ளை ஓசூரில் பிறக்கும். இவள் ஆசைப்பட்டதே இந்த ஒரு அறைக்குத்தான். ஒரு நகக்கீறலுக்காகவா? அதுவும் இந்தப் பயந்தாங்கொள்ளிக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம். இருவருக்கும் ஒரே மளிகைக் கடை, ஒரே காலண்டர். பழைய தாள்களைச் சாமான் பட்டியல் எழுத நான் சமையலறையில் கம்பியில் குத்தி வைத்திருப்பேன். வீட்டுக்குப் போய்த் தேடினேன். அதே தேதித் தாள் கிடைத்தது. பின்பக்கம் ஏதோ எழுதியிருந்தது. சுவரோடு ஒட்டப் போகிற பக்கம்தானே என்று கவலைப்படாமல் கொண்டுபோய், கிழிந்ததை உரித்துவிட்டு ஒட்டினேன். மறுநாள் தனம் வந்து அறை அறையாகப் பார்த்தாள். "தாங்கிகிச்சுடி!" என்று என் தோளில் சாய்ந்தாள். சொல்ல வாய் எடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

அன்றைக்குப் பிடித்த பயம் இரண்டு வருடம் என்னை விடவில்லை. நாற்பத்தெட்டாம் நாள் முடிந்தும் பூச்சு வேலை தள்ளிப் போனது. நல்ல சுண்ணாம்பு கிடைக்கவில்லை என்றாள் தனம். அந்த நாட்களில் இரண்டு பேரும் அந்த அறைக்கு வெளிப்புறம் ஜன்னலுக்குக் கீழே கல்லால் ஒரு மேடை கட்டினார்கள். இன்னாத்துக்கு என்று கேட்டதற்கு, "ரோஜாத் தொட்டி வெக்க" என்றாள். கவிதா வந்தாள், ஆண் குழந்தை பிறந்தது. அறை இன்னும் ஈரம் காயவில்லை என்று கதவைச் சாத்திவிட்டு முதல் மாதம் அவளை ஹாலிலேயே படுக்க வைத்தார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு ஒரு நாள் தொட்டிலை அந்த அறைக்கு மாற்றிவிட்டார்கள். குழந்தையைப் பார்க்கப் போனால் நான் கதவைத் தாண்ட மாட்டேன். கண் ஜன்னல் பக்கமே போகும். லாரி போகிற சத்தம் கேட்டாலே வாசலுக்கு வந்துவிடுவேன். "இன்னாடி கதவாண்டயே நிக்கிற? உள்ள வாடி" என்பாள் தனம். பிறகு அவளே டீயை எடுத்துக்கொண்டு வெளியே வருவாள். அந்த மேடையில் ரோஜாத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் குடிப்போம். ஞாயிற்றுக்கிழமை தவறியதில்லை.

தனத்துக்குப் பால் தெளித்த அன்று கூட்டம் கலையும்வரை காத்திருந்து ஏழுமலை அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இனிமே அந்த ரூம்புல படுக்காதீங்கண்ணா. என்னிய அடிச்சாலும் சரி" என்றேன். அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். பூசுவதற்கு முன் சுவரிலிருந்து உரித்த தாள்களைத் தனம் அறைவாரியாகக் கட்டி அதில் போட்டு வைத்திருந்தாள். அவள் அவற்றை உரித்து எடுத்துவைப்பாள் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு தாளைத் தனியாக மடித்து வைத்திருந்தாள். அண்ணன் அதைப் பிரித்து என் கையில் கொடுத்தார். பின்பக்கம் என் கையெழுத்தில், 'உளுந்து, சீரகம், கால்வலித் தைலம்.'

"உரிக்கும்போதே தெரிஞ்சிகிச்சு. கோவம் வரலம்மா அவளுக்கு. ஒக்காந்து ரொம்ப நேரம் சிரிச்சா. அப்பறம் எழுந்து நிக்க முடியாம பயந்தா. மறுநாளே கல்லு வாங்கியாந்தோம். அது தொட்டி வெக்கற மேடன்னு நெனச்சியா? தரைக்கு அடியில மூணடி ஆழம் போவுது. செவுத்துக்கு முட்டு. அதுக்கப்பறம் ஒரு மண்டலம் தாள் ஒட்டிப் பாத்துட்டுதான் புள்ளயோட தொட்டில உள்ள வுட்டா."

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். வோணாம்னுட்டா. 'பாவம், எனுக்கோசரம் செஞ்சிகீறா. தெரிஞ்சா பயந்துடுவா. பயந்தா வராம பூடுவா'ன்னா."

அண்ணன் உள்ளே போய்விட்டார். நான் வெளியே வந்து அந்த மேடையில் உட்கார்ந்தேன். அவளைப் பயப்படாமல் வைக்க வேண்டும் என்று நான் ஒரு தாளை ஒட்டினேன். என்னைப் பயப்படாமல் வைக்க வேண்டும் என்று அவள் இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டாள். என் தப்பை மூடிய கல்லின் மேலேயே என்னை உட்கார வைத்து வாராவாரம் டீ கொடுத்திருக்கிறாள். அன்றுதான் எனக்கு அழுகை வந்தது. என் பாட்டுக்கு அழுதேன்.

நம் பெட்டியில் அவளைப் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட்டவர்கள் நிறையப் பேர். அந்தப் பேரை ஆரம்பித்து வைத்தவளே நான்தான். இனி யாரும் அப்படிச் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

அவளுடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு தாள். பிஸ்கட் டின்னில் வைக்க மனம் வரவில்லை. என் வீட்டுச் சமையலறையில், அடுப்புக்கு மேலே, நான் பல வருடமாகப் பார்த்தும் பார்க்காமல் விட்ட ஒரு விரிசல் இருக்கிறது. மைதாப் பசை காய்ச்சி, உளுந்தும் சீரகமும் வெளியே தெரிகிற மாதிரி, அதன் மேல் குறுக்காக ஒட்டியிருக்கிறேன். தினமும் காலையில் ரயிலுக்குக் கிளம்புவதற்கு முன் விரலால் தடவிப் பார்க்கிறேன். அப்போது என் கை ஜில்லென்று இருக்கிறது. இன்று பதினோராம் நாள். கிழியவில்லை.