தனசேகரன் அண்ணன் யாரைக் கூப்பிட்டார்?

பேய், பிசாசு நம்பிக்கையெல்லாம் எனக்குக் கிடையாது என்று இதே பக்கத்தில் பெரிதாக எழுதியவன் நான். ஞாபகம் இருக்கிறதா? இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த வீராப்பு போன இடம் தெரியவில்லை.

காலை பதினொரு மணி. ஆவடியில் எங்கள் தெரு. ரேஷன் கடைக்குக் கிளம்பினேன். எதிர்வீட்டு தனசேகரன் அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஃபாக்டரியில் லேத் ஆபரேட்டர். கல்லீரலில் கேன்சர் கட்டி. ஈரலில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்து, வீட்டுக்கு வந்து மூன்று வாரம். ஆபரேஷன் சக்சஸ், தையலும் பிரித்தாயிற்று.

லேத் முன்னால் நிற்பதுபோல இரண்டு கைகளையும் நீட்டியிருந்தார். மணிக்கட்டு சட்டென்று தொங்கியது. எழுந்தது. மறுபடி தொங்கியது. இரண்டு கையாலும் யாரையோ 'வா... வா...' என்று கூப்பிடுகிறார்.

"என்னையாண்ணே?" என்றேன்.

அவர் பார்வை எனக்குப் பின்னால் போனது. திரும்பிப் பார்த்தேன். தெரு காலியாகக் கிடந்தது.

அடுத்த நிமிடம் நான் எங்கே? என் வீட்டுக்குள், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. ரேஷன் சர்க்கரை போனால் போகிறது.

மறுநாள், அவர் கை நீட்டிய திசையில் தெருக்கோடி வீட்டுப் பெரியவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். கேட்க வேண்டுமா? பூக்கார கன்னியம்மா குழாயடியில் தீர்ப்பே சொல்லிவிட்டாள். "அந்த ஊட்டாண்ட போவாத சார். ஆளுங்கள இட்டுகினு போறதுக்குக் கூப்டுகினு கீறாரு."

பிள்ளைகளைப் பின்தெரு வழியாகப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். அவர் மனைவி சரசா அண்ணி குழாயடிக்கு வந்தால் குடங்கள் தாமாக விலகின. ஆனால் பாசம் மட்டும் குறையவில்லை, பாருங்கள்... வெட்டிய ஈரல் வளர ஆட்டு ஈரல் சாப்பிட வேண்டும் என்று, அவர் வீட்டுக்கு வந்த அன்றே தெருவே முடிவு செய்து கொடுத்துவந்தது. ஈரல் வறுவல், முட்டை, நெஞ்செலும்பு சூப். இப்போது தூக்குவாளியைக் கேட்டில் மாட்டிவிட்டு ஓடினோம். ஒரு வாளி என் வீட்டுடையது.

அண்ணி ஊட்ட ஊட்ட அவர் வேறு ஆளாகிக்கொண்டே போனார். பகலெல்லாம் தூக்கம். மூச்சில் அழுகிய பழம்போல ஓர் இனிப்பு வாடை. பெண்டாட்டியைப் பார்த்தே, "நீங்க யாரும்மா?" என்றாராம்.

ஒரு நாள் காலையில் அவரை எழுப்ப முடியவில்லை. அண்ணி தெருவில் நின்று, "யாராச்சும் ஒரு ஆட்டோ இட்டாங்களேன்... அவரு செத்துடுவாரு" என்று கத்தினார். ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அசையவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது அவர் குரல் கம்மிப்போயிருந்தது. எனக்கு என் மீதே அருவருப்பாக இருந்தது. செருப்புகூடப் போடாமல் ஆட்டோவுக்கு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏறி, அவர் கண் விழித்ததும் டாக்டர், "கையை நீட்டுங்க" என்றார். அதே 'வா... வா...' நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். டாக்டரோ இதைத்தான் தேடியவர்போலத் தலையாட்டினார்.

"ரத்தத்துல அம்மோனியா ஏறியிருக்கு. மிச்சமிருக்கிற ஈரலால அதைச் சுத்தம் பண்ண முடியல. அது மூளையைக் குழப்பும், கையும் இப்படி விழும். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சவங்களுக்கு இது ரொம்ப அபூர்வம். என்ன சாப்பிட்டாரு?"

"தெருவே குடுத்துச்சு டாக்டர். ஈரலு, முட்டை, சூப்பு..." என்றார் அண்ணி.

"முதல்ல அதை நிறுத்துங்க. கறி, முட்டை செரிக்கும்போது அம்மோனியா வரும், அதுதான் ஏத்திவிட்டிருக்கு."

ஆக, பேய் எங்கள் தூக்குவாளியில்தான் போயிருக்கிறது.

ஒரு சிரப், கறி முட்டை இல்லாத சாப்பாடு. பத்து நாளில் தெளிந்து வீடு வந்தார். போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஞாபகமில்லப்பா. என்னைப் பாத்து ஜனங்க ஓடினது மட்டும் ஞாபகம் கீது. கன்னியம்மா ஓடினா. பால்காரன் சைக்கிளத் திருப்பிகினு ஓடினான். மூணாம் நம்பர் வாத்தியாரு வேட்டியத் தூக்கிகினு..." சிரித்துக்கொண்டே ஒவ்வொரு பேராகச் சொன்னார்.

என் பேரை மட்டும் சொல்லவில்லை. மறந்திருக்க மாட்டார்.