உடையாத ஹேங்கர்

இருபத்தைந்து வருடமாகப் பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை நடத்துகிறவன், இன்று ஒரு சைக்கிள் கடையில் பாடம் கேட்டுக்கொண்டு வந்தேன்.

மகளின் கியர் சைக்கிளில், பின்சக்கர அச்சு உட்காரும் இடத்தை ஒட்டி ஒரு சின்ன அலுமினியத் துண்டு உண்டு. ஹேங்கர் என்பார்கள். கியரைத் தாங்குவது அதுதான். போன மாதம் சைக்கிள் சரிந்து அது வளைந்துவிட்டது.

"புதுசு வர பத்து நாள் ஆகுமுங்ண்ணா," என்றார் கடைக்காரர்.

"பத்து நாளா? நானே செஞ்சு மாட்டிக்கறனுங்க. இரும்புல போட்டா ஆயுசுக்கும் அசையாது."

"வேண்டாமுங்ண்ணா. உழுந்தா அது வளையோணும், பிரேம் தப்பிக்கோணும். அதுக்குன்னேதான் சன்னமா வெச்சிருக்கறாங்க."

எனக்கே பாடமா என்று சிரித்தேன். அன்று மாலையே செய்து மாட்டினேன்.

நேற்று சரவணம்பட்டியில், அவள் கல்லூரி வாசலில், சைக்கிள் மறுபடி சரிந்தது. ஹேங்கரில் ஒரு கீறல்கூட இல்லை. அச்சு உட்காரும் இடத்தில் பிரேம் பிளந்துவிட்டது. பற்றவைத்தாலும் இனி நம்பி ஏற முடியாதாம்.

இன்று கடைக்குக் கொண்டுபோனபோது, "அப்பவே சொன்னேன்" என்று கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் செய்த ஹேங்கரைக் கழற்றி, துணியால் துடைத்து, என் கையில் கொடுத்தார்.

"இதுக்கு ஒண்ணும் ஆகலீங்ண்ணா. பத்திரமா வெச்சுக்கோங்க."

மகள் பஸ்ஸில் போய்விட்டாள்.

உடையாத ஹேங்கர் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், தருகிறேன். அதை மாட்டுகிற சைக்கிளுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.