சோபாக் கால் துப்பாக்கி

தங்கை செய்த துப்பாக்கி திரையில் வந்தபோது பெரியவள் பக்கத்து இருக்கைக்காரரை இடித்து, "அது எங்க வீட்டுப் பொண்ணு செஞ்சது" என்று சொன்னாள். படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எல்லோரும் எழுந்து போக, அவள் மட்டும் அசையாமல் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். சமையல் செய்தவர் பெயர் வந்தது. வண்டி ஓட்டியவர்கள் பெயர் வந்தது. ஹீரோ வளர்க்கும் நாய்க்குப் பயிற்சி கொடுத்தவர் பெயர் வந்தது. அந்த நாயின் பெயரும் வந்தது. தங்கையின் பெயர் வரவில்லை. துடைப்பத்தோடு வந்த ஆள் காலைத் தூக்கச் சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

"நாய் பேரு போட இடம் இருந்திருக்கு," என்றாள் கணவரிடம்.

"நாய் நல்லாத்தானே நடிச்சிருந்துச்சு," என்றார் அவர். வீடு வந்து சேரும்வரை அவள் அவரோடு பேசவில்லை.

பெரியவளுக்குத் தொழில் சோபா தைப்பது. மெயின் ரோட்டில், கண்ணாடிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே நீளமாக உள்ளே போகும் ஒரே அறைதான் கடை. சுவர் ஓரம் ரெக்சின் சுருள்கள், மேலே பரணில் நுரைப் பலகைகள், பின்னால் கழற்றிப் போட்ட பழைய சோபாக்களின் கால்களும் கைகளும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள்தான். ஆனால் தையல் ஒரு நூல் கோணினால்கூட முழுசாகப் பிரித்துவிட்டுத் திரும்பத் தைப்பாள். வாடிக்கையாளர் "பரவாயில்லைங்க, பின்பக்கம்தானே" என்றால், "பின்பக்கமும் நான் தச்சதுதான்" என்பாள்.

சின்னவள் வளர்ந்தது இந்தக் கடையின் மரத்தூளில்தான். கையில் எது கிடைத்தாலும் அதை வேறொன்றாக மாற்றிவிடுவாள். இடக்கைக்காரி. சின்ன வகுப்பில் ஒரு டீச்சர் அவள் இடது கையில் ஸ்கேலால் அடித்தபோது, பெரியவள் தன் வகுப்பிலிருந்து நேராக எழுந்து போய், கதவருகே நின்று, "அந்தக் கையில எழுதுனதுல தப்பு இருந்தா காட்டுங்க" என்று கேட்டாள். இரண்டு பேரும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அன்றிலிருந்து சின்னவளின் கையைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. கடையில் அவளுக்கென்று இடக்கைக் கத்தரி தனியாக ஆணியில் தொங்கும். வேறு யார் எடுத்தாலும் அது ரெக்சினைக் கடிக்குமே தவிர வெட்டாது.

அவள் சினிமாக் கம்பெனிகளில் கலைப் பிரிவில் தினக்கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இந்தப் படத்தின் மேனேஜர் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, நிஜத் துப்பாக்கி வாடகைக்கு எடுத்தால் அனுமதி, காவல் என்று ஆயிரம் தொல்லை, இதே மாதிரி ஒன்று செய்து கொடு என்று ஒரு படத்தைக் கொடுத்தார். தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடும் நீளமான துப்பாக்கி. சின்னவள் கடையின் பின்பக்கம் குடியேறினாள். தோளில் முட்டுக் கொடுக்கும் கட்டைக்கு வளைந்த சோபாக் கால். குழாய்க்கு சைக்கிள் பம்பு. தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டுக்குக் குளியலறைக் கதவின் தாழ்ப்பாள். முதலில் செய்ததில் சோபாக் கால் விரிசல் விட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவதாக ஒன்று செய்தாள். அதுதான் படத்துக்குப் போனது. தூக்கிப் போட்டதைப் பெரியவள் வீணாக்கவில்லை. மெத்தை உறையின் மூலைகளுக்குள் நுரையைக் குத்தித் திணிக்க அதைவிட வாகான கட்டை அவளுக்குக் கிடைத்ததில்லை.

ஒரே ஒரு கோளாறு. அந்த வகைத் துப்பாக்கிக்குப் போல்ட்டின் கைப்பிடி வலது பக்கம் இருக்க வேண்டும். சின்னவள் அளவு பார்க்கும்போதெல்லாம் தன் தோளில் வைத்து, தன் கைக்கு வாகாகப் பார்த்திருக்கிறாள். தாழ்ப்பாள் இடது பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது. ஹீரோ வலக்கைக்காரர். ஒவ்வொரு முறையும் கையைத் துப்பாக்கிக்கு மேலே தாண்டிக் கொண்டுபோய் இழுக்க வேண்டியிருந்தது. இயக்குநர் பார்த்துவிட்டு, இதுவே புது ஸ்டைலாக இருக்கிறது, அப்படியே வையுங்கள் என்றுவிட்டார்.

படம் ஓடியது. பேட்டிகளில் தயாரிப்பாளர், படத்தில் வரும் ஆயுதமெல்லாம் அசல், ஒன்றுகூட டம்மி இல்லை என்று மார்தட்டினார். சின்னவளின் பெயர் விடுபட்ட காரணம் அப்போதுதான் விளங்கியது. அசல் துப்பாக்கிக்குச் செய்தவள் எப்படி இருப்பாள்?

பெயர் வராதது வெறும் மனக்குறையாக இருந்தால் சின்னவள் துடைத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பாள். அவளுக்குச் சினிமாத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர் அட்டை வேண்டியிருந்தது. இன்ன படத்தில் இன்ன பொருளை இவள்தான் செய்தாள் என்று கம்பெனி ஒரு வார்த்தை சொன்னால் அட்டை கிடைக்கும். அட்டை இருந்தால் கைவினைக் கலைஞர். இல்லாவிட்டால் காலம் முழுக்க மற்றவர்கள் செய்ததைத் தூக்கிக்கொண்டு நடக்கும் எடுபிடி. அந்த ஒரு வார்த்தையைக் கேட்கப் போனபோது மேனேஜர் தலை நிமிராமல், "நீ என்னம்மா செஞ்ச? பெயிண்ட் டப்பா தூக்குன" என்றார்.

அதைக் கேட்டுவிட்டு வந்து சின்னவள் அழவில்லை. பெரியவள்தான் அன்று கோணாமல் தைத்த ஓர் உறையை முழுசாகப் பிரித்துவிட்டுத் திரும்பத் தைத்தாள்.

இந்தப் புண்ணில் உப்புத் தடவியது ஓர் இணையப் பக்கம். சண்டைப் படங்களில் வரும் துப்பாக்கி, கத்தி எல்லாம் நிஜ உலகில் என்ன மாடல் என்று கண்டுபிடித்து எழுதும் பக்கம் அது. நடத்துபவர் பல் செட் செய்யும் ஒருவர். அவர் அந்தத் துப்பாக்கிக்கு ஏதோ ஒரு வெளிநாட்டுப் பெயரைப் போட்டு, இடக்கை வீரர்களுக்கென்று மிகக் கொஞ்சமாகத் தயாரிக்கப்பட்ட அரிய வகை என்று எழுதியிருந்தார். போல்ட்டின் சத்தம் ஒன்றே இது அசல் என்பதற்குச் சாட்சி என்று வேறு சேர்த்திருந்தார். பெரியவளின் கணவர் போனில் காட்ட, அவள் விரல் வைத்து ஒரு வரி விடாமல் படித்தாள்.

"குளியலறைத் தாழ்ப்பாளுக்கு வந்த வாழ்வப் பாரு," என்றார் கணவர். இந்த முறை அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கோபம் இரட்டிப்பாக வந்தது. அந்தப் பக்கத்தின் கீழேயே, இது என் தங்கை சோபாக் காலில் செய்தது, போல்ட் என்று நீங்கள் சொல்வது தாழ்ப்பாள் என்று எழுதினாள். அப்படியானால் பீரங்கியைக் கட்டிலில் செய்தீர்களா என்று ஒருவன் கேட்டான். பீரோவில் ஹெலிகாப்டர் கிடைக்குமா என்று இன்னொருவன். சின்னவள், "விடுக்கா, நமக்கு எதுக்கு?" என்றாள். அக்கா விடவில்லை. கடை விலாசத்தை எழுதி, சந்தேகம் இருப்பவர்கள் நேரில் வரலாம், ஞாயிறு விடுமுறை என்று போட்டாள்.

பல் செட்காரர் வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் சின்ன பூதக்கண்ணாடி. அவர் உள்ளே நுழைந்தபோது பெரியவள் ஒரு மெத்தை உறையை முழங்காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் மூலையில் நுரையைக் குத்திக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவர் எழுதிய அரிய வகை, கழுத்தளவு மெத்தைக்குள் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இந்த மூல முடியட்டும்," என்றாள் பெரியவள்.

முடித்து, நுரைத் தூசியைத் தட்டிக் கொடுத்தாள். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். தாழ்ப்பாளை இழுத்தார். படத்தில் வந்த அதே சத்தம். பின்னால் குவிந்திருந்த சோபாக் கால்களைப் பார்த்தார். போல்ட் ஏன் இடது பக்கம் என்று கேட்டார். பெரியவள், மூலையில் ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்த தங்கையைக் காட்டினாள். அவள் கையில் இடக்கைக் கத்தரி ஓடிக்கொண்டிருந்தது. மனிதருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "நானும் பல்லுல டம்மி செய்யறவன்தான்மா. எனக்கே தெரியல," என்றார்.

அன்றே பக்கத்தைத் திருத்தினார். நிஜ உலகில் இந்தத் துப்பாக்கி கிடையாது, சோபா கடையில் ஒரு பெண் செய்தது என்று எழுதி, இரண்டு சகோதரிகளுக்கு நடுவே அந்தத் திணிகட்டை இருக்கும் படத்தையும் போட்டார். அசல் ஆயுதப் பேச்சு ஊர் சிரிக்கும் பேச்சாயிற்று.

மேனேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்னவளின் போனுக்கு நீளமாகக் குரல் பதிவு அனுப்பினார். திட்டித் தீர்த்துவிட்டுக் கடைசியில் இப்படி முடித்தார்: "நீ செஞ்சது ரெண்டும் எங்க படத்துக்காகச் செஞ்சது. ரெண்டும் கம்பெனி சொத்து. ஆள் அனுப்பறேன், மரியாதையா குடுத்துடு."

சின்னவள் முகம் வெளுத்துவிட்டது. பெரியவள் அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். நூல் கோணியிருக்கிறதா என்று பார்க்கும் அதே பார்வை.

"என்ன சொன்னான்? 'நீ செஞ்சது'ன்னானா?"

"ஆமாக்கா."

"பெயிண்ட் டப்பா தூக்குனன்னு சொன்ன வாய்தானே இது? செருப்ப மாட்டு."

சங்க அலுவலகத்தில் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி போனை நடுவில் வைத்தாள். மேனேஜரின் குரல் அறை முழுக்க வைதது. கடைசி வரி வந்ததும் ஒருவர் சிரித்துவிட்டார். கம்பெனி சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைக் கம்பெனியே சொல்லிவிட்டதே என்றார் செயலாளர். அட்டை எழுதி நீட்டினார். சின்னவள் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியவளின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

சொன்னபடி கம்பெனி ஆள் கடைக்கு வந்தான். பெரியவள் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. திருப்புளியை எடுத்து, சோபாக் காலை இணைத்திருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். காலைத் தனியாக எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு, தாழ்ப்பாளையும் பம்புக் குழாயையும் ஒரு பையில் போட்டு நீட்டினாள்.

"கால் எங்க கடையோடது," என்றாள். "துப்பாக்கிய எடுத்துட்டுப் போங்க. உங்க மேனேஜர்கிட்ட சொல்லுங்க, தாழ்ப்பாள் இடது பக்கம்."

அவன் போனதும், பாதியில் நின்ற மெத்தை உறையை மடியில் இழுத்துப் போட்டு, விரிசல் விட்ட காலால் அடுத்த மூலையைக் குத்த ஆரம்பித்தாள்.