சீன் ஒச்சாண்டியின் கடல்

பல் விளக்குவதற்கு முன்னால் ஒச்சாண்டி மேற்கே பார்த்தாக வேண்டும். கையில் வேப்பங்குச்சி, தோளில் துண்டு. வாசலில் நின்றபடி மலை முகட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். குச்சி வாய்க்குப் போகாமலே காய்ந்துவிடும். "இன்னைக்கு ஈயம் பூசியிருக்கு" என்பார். கொஞ்சம் பொறுத்து, "அடியில ஒரு இழை கத்திரிப்பூ" என்பார். உள்ளேயிருந்து மனைவி பிச்சையம்மாளின் குரல் வரும்: "வானம் எங்கயும் ஓடிறாது, அங்கனதேன் இருக்கும். கஞ்சி ஆறுது, வாங்க."

கம்பத்தில் வெறும் ஒச்சாண்டி என்று விசாரித்தால் நாலு பேரைக் காட்டுவார்கள். சீன் ஒச்சாண்டி என்று கேட்க வேண்டும். நாடகக் கம்பெனிகளுக்கு மேடையில் தொங்கும் சீன் திரை எழுதுகிறவர். காடாத்துணியில் பசை தடவிக் காயவைத்து, வண்ணப்பொடியை வஜ்ஜிரப் பசையில் குழைத்து, பதினாறு கொட்டாங்கச்சிகளை வரிசையாக வைத்துக்கொண்டு உட்காருவார். அந்தப் பதினாறில் பத்து வானத்துக்கு. தர்பார் சீன் கேட்டவர்களுக்குக்கூட ஓர் ஓரத்தில் சன்னலைத் திறந்து வைத்துவிடுவார். அதன் வழியாக ஆடி மாதத்து மேகம் எட்டிப் பார்க்கும். கம்பெனிக்காரர்கள் முணுமுணுத்தால், "ராசாவுக்கும் மூச்சு முட்டும்ல" என்பது பதில்.

அந்த மேகத்தைப் பார்த்தவர்களுக்கு அவர் மேல் கோபம் வராது. ஆனி பிறந்ததும் அது மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏறி வந்து முகட்டில் நிற்கும். பிறகு பொங்கின பால் போல இந்தப் பக்கம் வழியும். பாதி மலை இறங்குவதற்குள் காணாமல் போய்விடும், ஊருக்குள் ஒரு சொட்டு விழாது. நாமெல்லாம் பிறந்ததிலிருந்து பார்த்துச் சலித்த காட்சி. ஒச்சாண்டி மட்டும் ஐம்பது வயதிலும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார். "எங்கன போகுதுன்னு பாத்தீகளா? ஒருத்தருக்கும் சொல்லாமப் போகுது" என்று நம் கையைப் பிடித்துக் கேட்பார். ஆனி, ஆடி இரண்டு மாதமும் அவருக்கு வேலை ஓடாது.

போன மார்கழியில் அவருக்கு ஒரு சோதனை வந்தது. தை மாதம் கம்பத்தில் முகாம் போட இருந்த நாடகக் கம்பெனியின் சொந்தக்காரர் ராஜமணி, கப்பல் உடைகிற நாடகம் ஒன்றுக்காகக் கடல் சீன் கேட்டார். ஒச்சாண்டி கடலைப் பார்த்ததில்லை. கிழக்கே அவர் போன கடைசி ஊர் மதுரை. ஆனாலும் அசராமல் எழுதினார். அலை, நுரை, கப்பல் எல்லாம் நன்றாகவே வந்தன. கடலுக்குப் பின்னால், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, நீலமாக ஒரு மலைத்தொடர்.

ராஜமணி சிரித்துவிட்டார். ஏழு தடவை ரங்கூனுக்குக் கப்பலேறிய துணி வியாபாரி சேக் பரீத்தும் அன்று கூட வந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. "மாப்ள, கடலுக்கு அங்கிட்டு ஒண்ணும் கிடையாது. தண்ணி, அதுக்கு மேல வானம். அம்புட்டுத்தேன்."

"அப்ப வானம் எது மேல நிக்கும், மாமா?" என்று கேட்டார் ஒச்சாண்டி.

கேலிக்கான கேள்வி அல்ல அது. கம்பத்தில் பிறந்தவனுக்கு மேற்கே மலை, கிழக்கே மலை, தெற்கே மலை. வானம் ஏதாவது ஒரு மலையில் சாய்ந்துதான் நிற்கும். எதிலும் சாயாத வானத்தை அவர் எங்கே கண்டார்?

"எட்டு நாள் தர்றேன். மலைய எடுக்கலேன்னா நான் மதுரையில எழுதிக்கிறேன். அப்புறம் நம்ம கொட்டகையில உங்க திரை ஏறாது" என்று ராஜமணி சொல்லிவிட்டுப் போனார். இருபது வருடத்துப் பெயர் போய்விடும். ஒச்சாண்டி மலையின் மேல் வெள்ளை அடித்தார். அதோடு கை நின்றுவிட்டது. மூன்று நாள் அந்த வெள்ளைக்கு முன்னால் தூரிகையோடு நின்றார். பார்க்காத தர்பாரை எழுதினவருக்கு இது என்ன பெரிய காரியம் என்று யாரோ கேட்டதற்கு, "தர்பாரு மனுசன் கட்டுனது. கூடக்கொறைய இருந்தாலும் கோவிச்சுக்கிறாது. வானம் அப்பிடியா?" என்றாராம்.

"வெறுந்துணியப் பாத்துப் பித்துப் பிடிச்சு நிக்கிறீக. குமுளிக்கு ஏறி எந்தங்கச்சிய ஒரு எட்டு பாத்துட்டு வாங்க" என்று பிச்சையம்மாள்தான் விரட்டிவிட்டாள். கூடலூரில் ராக்கையாவின் மாட்டுவண்டியில் ஏறிக்கொண்டார். மலைப்பாதையில் மாடுகளுக்கு மூச்சு வாங்க நிறுத்துகிற வளைவு ஒன்று உண்டு. அங்கே வண்டி நின்றபோது நன்றாக விடிந்திருந்தது. ஒச்சாண்டி இறங்கித் திரும்பிப் பார்த்தார்.

கீழே ஊர் இல்லை. வயல் இல்லை, தோப்பு இல்லை. பள்ளத்தாக்கு விளிம்புவரை வெண்பனி நிரம்பி, அளந்து ஊற்றின மாதிரி மட்டமாக நின்றது. எதிரே மேகமலையும் வெளுத்த வானத்தில் கரைந்து போயிருந்தது. கண் போகிற தூரம்வரை வெள்ளை; அதற்கு மேல் வானம்; இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கோடு. ஒச்சாண்டி பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, வண்டி கெளம்புது" என்று ராக்கையா கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

இப்போதும் அதைத் தணிந்த குரலில்தான் சொல்கிறார்: "வானம் ஒண்ணையும் பிடிக்காம, சும்மா நின்னுச்சு."

வெயில் ஏறிப் பனி கிழிந்து, ஒவ்வொரு ஊராக வெளியே வந்த பிறகுதான் எழுந்தார். எழுந்தவர் நேரே கீழே நடந்தார். பாதி மலைவரை போய்விட்டு அவள் தங்கச்சியைப் பார்க்காமல் திரும்பியதற்குப் பிச்சையம்மாளிடம் இன்றைக்கும் பேச்சு வாங்குகிறார்.

கடலையும் அந்தப் பனிபோல வெளுத்து, அதற்கு மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, இரண்டே நாளில் எழுதி முடித்தார். எட்டாம் நாள் மத்தியானம் கொட்டகையில் திரையை அவிழ்த்துவிட்டார்கள். ராஜமணி சேக் பரீத்தின் முகத்தைப் பார்த்தார். சேக் பரீத் வெகுநேரம் திரையைப் பார்த்தார். "கடலு இம்புட்டு வெள்ளையா இருக்காது, மாப்ள" என்றார். ஒச்சாண்டி தலையைக் குனிந்துகொண்டார். அந்த நேரம் வெளிக்காற்று புகுந்து திரை லேசாக ஏறி இறங்கியது. சேக் பரீத்தின் கை தானாக நீண்டு பக்கத்திலிருந்த மூங்கில் காலை இறுகப் பற்றிக்கொண்டது. கப்பலில் நிற்கிறவன் பிடிக்கிற பிடி. அந்தக் கையை ராஜமணி பார்த்தார். "சரி, ஏத்திக் கட்டுங்கப்பா" என்றார்.

எல்லோரும் போனபின் ஒச்சாண்டி மட்டும் திரையருகே நின்றார். அந்த நீளக் கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இரண்டு தடவை பார்த்தார். மனசு கேட்கவில்லை. மேடையோரத் தட்டி மறைத்துப் பார்ப்பவர் கண்ணுக்குப் படாத ஓரமாகப் போய், கொட்டாங்கச்சியில் மிச்சமிருந்த நீலத்தில் கட்டைவிரலைத் தோய்த்து, கோடு முடிகிற இடத்தில் ஓர் அழுத்து அழுத்தினார். நகத்தளவில் ஒரு மலை நின்றது.