வாழையடியில் கொட்டிய மருந்து

முதலில் அதைப் பால் நுரையின் மேல்தான் பார்த்தேன். விடிந்து சற்று நேரம் ஆகியிருந்தது. கறந்துகொண்டிருக்கும்போது இருமல் வந்தது. முகத்தைத் திருப்புவதற்குள் வாளிக்குள் ஒரு சிவப்புச் சொட்டு விழுந்து நுரையில் மெல்லப் படர்ந்தது.

உடனே வாளியைக் கவிழ்த்துவிட்டேன். அடுத்து ஒரு பொய் சொன்னேன். "சாந்தம் ஒதைச்சிட்டா" என்றேன் என் வீட்டுக்காரரிடம். பெயர்தான் சாந்தம், அந்தச் செவலைப் பசு அதற்கு முன்பே மூன்று வாளிகளை நசுக்கியவள். அதனால் அவர் நம்பிவிட்டார். மறுநாள் அவளுடைய பின்னங்கால்களைக் கயிற்றால் கட்டிவிட்டுத்தான் என்னைக் கறக்க விட்டார். வாயில்லாத ஜீவன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது. இந்த முறை அவரே ரத்தத்தைப் பார்த்துவிட்டார்.

மெர்டேக்காவுக்கு (மலாயாவின் விடுதலை) முந்தைய வருடம் அது. மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் வீடு. இரண்டு கறவை மாடுகள், ஒரு கன்று, நாலைந்து ஆடுகள். பாலை அவர் சைக்கிளில் பெண்டஹாரா சாலைக் கடைகளுக்குக் கொண்டுபோவார். மாடுகளின் பாடு என்னுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பேன். கீழ்ப்படிதலைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்கு நான் நடத்திய பாடங்களை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. பிறந்ததிலிருந்து யார் பேச்சையும் கேட்காத ஆள் நான்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது நுரையீரலின் மேற்பகுதியில் ஓர் ஓட்டை. காசநோய். அந்தப் பெயரைச் சொல்லவே எங்கள் ஆட்கள் பயப்படுவார்கள். 'அந்த இருமல்' என்பார்கள். சளிப் பரிசோதனையில் (காறித் துப்பும் சளியில் கிருமி உண்டா என்று பார்ப்பது) கிருமி இருந்தது. டாக்டர் சீனர். மலாயில்தான் பேசுவார், எனக்கும் மலாய் தடையில்லாமல் வரும். ஒன்றரை வருடம் மருந்து என்றார். ஸ்ட்ரெப்டோமைசின் (கிருமியைக் கொல்லும் ஊசி), ஐசோனியாசிட் (மாத்திரை), பிறகு பி.ஏ.எஸ். என்ற பொடி (கிருமி மற்ற மருந்துகளுக்குப் பழகிவிடாமல் தடுப்பது). மாடுகளுக்கும் தொற்றலாம், கிட்டே போகாதே என்றார். கால்நடை அலுவலகத்தார் வந்து மாடுகளைச் சோதித்து, அவற்றுக்கு நோயில்லை என்றார்கள். அந்த மட்டில் ஆண்டவர் இரங்கினார்.

இவை எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். கடைசியாக அவர் சொன்னதுதான் தலையில் இடி. சளி மூன்று முறை சுத்தம் என்று வரும்வரை பிள்ளை வீட்டில் இருக்கக்கூடாது.

கிரேஸிக்கு அப்போது இரண்டு வயது நிறையவில்லை. எங்களுக்கு ஒரே பிள்ளை. புக்கிட் ரம்பாயிலிருந்து என் நாத்தனார் ஞானம் வந்து தூக்கிக்கொண்டு போனாள். அத்தை வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் பிள்ளை அழவில்லை. நான் அழுது தீர்த்தேன்.

மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பினேன். வீட்டுக்காரர் முற்றத்து ஓரமாக அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு, காற்று வரும்படி எனக்குத் தனியாக ஓர் இடம் கட்டியிருந்தார். எதிரே மாட்டுக் கொட்டகை. மாதத்தில் ஒரு ஞாயிறு ஞானம் பிள்ளையைக் கூட்டி வந்து வேலிக்கு வெளியே நிறுத்துவாள். "அம்மாவத் தொடக்கூடாது, சரியா? தொட்டா அம்மாவுக்கு ஆகாது" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினோம். தொட்டால் பிள்ளைக்கு ஆகாது என்பதை அதனிடம் எப்படிச் சொல்வது?

நான் இல்லாத மாதங்களில் சாந்தம் வீட்டுக்காரரைப் படாத பாடு படுத்தியிருக்கிறாள். பாலை இறக்காமல் மடியில் அடக்கிக்கொள்வாள். நான் திரும்பிய மறுநாள் காலை, என் கட்டிலில் இருந்தபடியே, "என்னடி கண்ணு, பசியாறிட்டியா?" என்று குரல் கொடுத்தேன். காதுகள் இரண்டும் என் பக்கம் திரும்பின. வாளியில் பால் சர்சர்ரென்று இறங்கியது.

"கறக்குறது நானு, பேரு ஒனக்கா?" என்றார் வீட்டுக்காரர். அன்று முதல் அவர் கறப்பார், நான் தூரத்திலிருந்து பேசுவேன்.

இனி சொல்லப்போவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இதே நோயோடு இதைப் படிக்கிற உங்களுக்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

எனக்கு உடம்பு தேறியது. இருமல் நின்றது. சளியும் ஒரு முறை சுத்தம் என்று வந்தது. கன்னத்தில் சதை பிடித்தது. அந்தப் பி.ஏ.எஸ். பொடி இருக்கிறதே, அதைக் குடித்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். நாள் முழுக்க நாக்கில் கசப்பு, வயிற்றில் கலக்கம். ஒரு நாள் வீட்டுக்காரர் பால் ஊற்றப் போன நேரத்தில் பொடியைத் தண்ணீரில் கரைத்து வாழையடியில் கொட்டினேன். மறுநாளும் கொட்டினேன். பிறகு மாத்திரையும் அதே வழியில் போனது. மருந்தைக் கொட்டிவிட்டு வந்து, முழங்காலில் நின்று, "ஆண்டவரே, எனக்குச் சுகம் தாரும்" என்று உருக்கமாக ஜெபிப்பேன். மனிதர் கொடுக்கும் பொடியை நம்பாமல் தேவனையே நம்புகிறேன் என்று எனக்கு நானே ஒரு பிரசங்கமும் செய்துகொண்டேன். என் வசதிக்கு நான் வைத்துக்கொண்ட பெயர் விசுவாசம்.

இரண்டு மாதம் கழித்துச் சளியில் மறுபடியும் கிருமி. டாக்டர் குழம்பிப்போனார். "உபாட் மாக்கான் கா?" (மருந்து சாப்பிடுகிறாயா?) என்று கேட்டார். "மாக்கான், துவான்" (சாப்பிடுகிறேன், ஐயா) என்று கூசாமல் சொன்னேன். அப்படியானால் மருந்து கேட்கவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி அறுவைச் சிகிச்சை செய்யலாமா என்று பார்க்க வேண்டும் என்றார். விலா எலும்புகள் சிலவற்றை எடுத்துவிட்டு நுரையீரலை அமுக்கி வைப்பார்களாம். அதைக் கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. பொய்யை ஒத்துக்கொள்வதைவிட விலா எலும்பைக் கொடுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு.

அந்த வாரத்தில்தான் சாந்தத்துக்கு வயிறு உப்பியது. மழையில் நனைந்த இளம்புல்லை அளவுக்கு மீறி மேய்ந்திருக்கிறாள். இடது விலாப்பக்கம் மத்தளமாகப் புடைத்து, மூச்சு வாங்கி நின்றாள். இஞ்சியும் ஓமமும் தட்டிப்போட்டு எண்ணெயைக் காய்ச்சி, ஆறவைத்து, மூங்கில் குழாயில் எடுத்துக்கொண்டு வந்தார் வீட்டுக்காரர். வாயைப் பிளந்து நாக்கைப் பிடித்துக்கொண்டு தொண்டையில் ஊற்ற வேண்டும். எப்போதும் இரண்டு ஆள் வேலை. அவர் ஒற்றை ஆளாக மல்லுக்கட்டினார். சாந்தம் தலையை உதறியதில் முதல் குழாய் மண்ணில் கொட்டியது.

"பாக்கியம், பேசு!" என்று கத்தினார். "சும்மா பாத்துக்கிட்டு இருக்காத, பேசு லா!"

நான் எழுந்து கூரையின் விளிம்பு வரை போய் நின்றேன். "குடிச்சிடு கண்ணு. கசக்கும்தான். குடிச்சிடு, என் தங்கம்ல" என்றேன். நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. சாந்தம் உதறுவதை நிறுத்தினாள். உடம்பெல்லாம் நடுங்கியது. கண்ணை என் மேலிருந்து எடுக்காமல், குழாய் தொண்டையில் இறங்க விட்டாள். மடக்மடக்கென்று விழுங்கினாள். இருமினாள். அவர் இரண்டாவது குழாயை நீட்டியபோது, தலையை உயர்த்திக் கொடுத்தாள்.

அவளுக்கு மருந்து என்றால் என்னவென்று தெரியாது. தொண்டையை எரிக்கிற ஏதோ ஒன்றைத் தன் மேல் பிரியம் உள்ளவர்கள் ஏன் ஊற்றுகிறார்கள் என்றும் தெரியாது. மாலைக்குள் வயிறு தணிந்தது. மறுநாள் காலை அவிழ்த்துவிட்டதும் வேறெங்கும் போகாமல், தன் நாக்கைப் பிடித்து இழுத்த அதே மனிதரின் கைக்கு நேராக வந்து மூக்கை வைத்தாள்.

நான் கட்டிலில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதேன். எல்லாம் தெரிந்த எனக்கு இல்லாத நம்பிக்கை அந்த மாட்டுக்கு இருந்தது. பாடம் எடுக்கிறவளாம் நான்!

வீட்டுக்காரர் ஓடி வந்தார். வாழையைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

"வாரா வாரம் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு வாங்கிட்டு வரேன் பாக்கியம். புக்கிட் ரம்பாயில என்னா நடக்குதுன்னு ஒனக்குத் தெரியுமா? புள்ள ஞானத்த அம்மான்னு கூப்புடுது. ஒனக்குச் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் திரும்பி வரும்வரை எனக்கு ஜெபமும் வரவில்லை. திரும்பி வந்தவர், "நாளைக்கு டாக்டர்ட்ட நீயே சொல்லு. நா கூட நிக்கிறேன்" என்றார்.

டாக்டர் மேசையில் என்னை அறுவைக்கு அனுப்பும் கடிதம் பாதி எழுதிக் கிடந்தது. "துவான், உபாட் சாயா புவாங்" (ஐயா, மருந்தை நான் கொட்டிவிட்டேன்) என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். "மூலா செமூலா" என்றார். முதலிலிருந்து மறுபடியும். இந்த முறை சளி ஒரு வருடம் முழுக்கச் சுத்தமாக இருந்தால்தான் பிள்ளை என்றும் சொன்னார். என் பேச்சை இனி அவர் எப்படி நம்புவார்? நியாயம்தான்.

அன்றிலிருந்து என் மேல் எனக்கு நம்பிக்கை இல்லாததால், கறவை முடிந்ததும் எதிரே நின்று பார்க்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் நானே கேட்டுக்கொண்டேன். அவரும் விடவில்லை. "வாயத் தொற சாந்தம்" என்று என்னைக் கூப்பிட்டுப் பொடிக் கோப்பையை நீட்டுவார். குமட்டும். சில நாள் பாதி வெளியே வந்துவிடும், மிச்சத்தைக் குடிப்பேன். ஊசியால் தலை சுற்றியது, காதில் இரைச்சல் ஏறியது. சுகம் தாரும் என்று ஜெபிப்பதை விட்டுவிட்டேன். இன்றைய கோப்பையைக் குடிக்க வையும் என்று மட்டும் கேட்டேன். அந்த ஜெபம் ஒரு நாளும் கேட்கப்படாமல் போகவில்லை.

மெர்டேக்கா அன்று காஜா பெராங்கே காலியாகிவிட்டது. எல்லோரும் கொடி பார்க்கப் போனார்கள். நாட்டுக்கு விடுதலை கிடைத்துவிட்டது, எனக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி என்று சொல்லி நாங்கள் இருவரும் சிரித்தோம். பிறகு கோப்பையைக் குடித்தேன்.

மருந்தை மறுபடி தொடங்கிய மூன்று மாதத்தில் சளி சுத்தமாகியிருந்தது. அடுத்த ஒரு வருடமும் சுத்தமாகவே இருந்தது. மருந்து முடிந்த அன்று டாக்டர் எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார்.

நோய் என் உடம்பில் தன் அடையாளத்தை விட்டுத்தான் போயிருக்கிறது. இடது காதில் ஒரு சில்வண்டு குடியேறிவிட்டது. இதை எழுதும்போதும் கத்திக்கொண்டிருக்கிறது. மேடு ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்க வேண்டும். முன்பெல்லாம் அடுத்த வருடம் இது, அதற்கடுத்த வருடம் அது என்று கணக்குப் போடுவேன். இப்போது ஒரு கறவைக்கும் அடுத்த கறவைக்கும் இடையில் உள்ள பொழுதே எனக்குத் தாராளமாக இருக்கிறது. உங்களுக்கும் நன்றாக இருப்பதாகத் தோன்றும் நாள் வரும். அன்று மருந்தை விட்டுவிடாதீர்கள்.

கிரேஸியை ஞானம் ஒரு சனிக்கிழமை கொண்டுவந்து விட்டாள். நாலு வயதை நெருங்கியிருந்தாள். வேலிப் படலைத் திறந்தே வைத்திருந்தோம். பிள்ளை உள்ளே வரவில்லை. படலுக்கு வெளியே, இத்தனை காலமும் நின்ற அதே இடத்தில், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை. அவள் அப்பா கையைப் பிடித்து என் முன்னால் கூட்டி வந்தார்.

என்னைப் பார்க்காமல் அவரை அண்ணாந்து பார்த்து, "அப்பா, தொடலாமா?" என்று கேட்டாள்.

"தொடலாம்மா" என்றார்.

ஒரு விரலை நீட்டி என் முழங்கைக்குக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், எனக்கு ஏதாவது ஆகிறதா என்று. எதுவும் ஆகவில்லை. விரலை எடுக்காமலே மறுபடியும் அப்பாவிடம் திரும்பினாள்.

"நாளைக்கும் தொடலாமா?"