பவர் பட்டனும் வரலாற்றுப் பரீட்சையும்

போன வருடம் ஜூன் மாதக் கடைசியில் நடந்தது இது. ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அங்கிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு தினமும் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். கார், வேன்களுக்கு உள்ளே ஓடுகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, முனையில் கனெக்டர் மாட்டுகிற வேலை. பதினோரு வருடமாக கான்ட்ராக்டில்தான் இருக்கிறேன்.

எங்கள் லைனில் தரம் பார்க்கிற மேஜைக்கு ஆள் எடுக்கப் போவதாக அப்போது சொன்னார்கள். நிரந்தர வேலை, நாள் முழுக்க நிற்க வேண்டாம். ஆனால் பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும். நான் கல்யாணத்துக்காக பிளஸ் டூவைப் பாதியில் விட்டவள். சரி, பார்த்துவிடலாம் என்று மார்ச்சில் தனித்தேர்வராக எழுதினேன். மற்றதெல்லாம் தேறி, வரலாறு மட்டும் காலை வாரிவிட்டது. மறுதேர்வு ஜூலை முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை. அதையும் கோட்டைவிட்டால் அந்த மேஜையில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

எனக்குப் படிக்க நேரம் கிடைப்பது பஸ்ஸில் மட்டும்தான். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஆனால் ஓடுகிற பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தால் எனக்கு வாந்தி வரும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாடத்தைப் படித்து, எனக்குப் புரிகிற மாதிரி சுருக்கி, போனில் என் குரலிலேயே பதிவு செய்துகொள்வேன். வாரநாளில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டபடி போவேன். இப்படி அறுபத்து மூன்று பதில்கள் சேர்ந்திருந்தன. தாளில் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. வேறு எங்கும் நகல் எடுத்து வைக்கவும் இல்லை. அந்தப் போனுக்குள்தான் என் மொத்தப் படிப்பும் இருந்தது.

அந்தப் போனுக்கு ஒரு வியாதி. ஒரு தடவை பஸ் படியில் விழுந்ததிலிருந்து பவர் பட்டன் வேலை செய்யவில்லை. அமுக்கினால் மெத்தையை அமுக்குகிற மாதிரி உள்ளே போகுமே தவிர ஒன்றும் நடக்காது. ஆனாலும் திரையை இரண்டு தட்டு தட்டினால் வெளிச்சம் வரும் என்பதால் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆஃப் பண்ணுவதற்கும் திரையிலேயே வழி இருந்தது. ஆன் பண்ணத்தான் பட்டன் வேண்டும். அதனால் அணைக்காமலே மூன்று மாதம் காப்பாற்றி வந்தேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. கேட்டிலேயே போனை ஆஃப் பண்ணி, நம்பர் போட்ட பெட்டியில் வைத்துவிட்டு டோக்கன் வாங்க வேண்டும். "ஆஃப் பண்ணிட்டியாமா?" என்று செக்யூரிட்டி அக்கா கேட்பார். "பண்ட்டேன்க்கா" என்று கூசாமல் சொல்லிவிட்டு, சத்தத்தை மட்டும் நிறுத்தி வைத்துவிடுவேன். தினமும் ஒரு பொய்.

பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை, எங்களிடம் பொருள் வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்வையிட வருவதாக இருந்தது. அன்று அக்கா ஒவ்வொரு போனையும் கையில் வாங்கி, தட்டிப் பார்த்து வைத்தார். என் முறை வந்தது. "அக்கா, இதுக்குப் பட்டன் போயிடுச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மூன்று மாதப் பொய்யும் வெளியே வரும், பின்னால் வேறு நாற்பது பேர் நிற்கிறார்கள். வெட்கம் வாயை அடைத்துவிட்டது. நானே என் கையால் திரையில் அழுத்தி அணைத்துக் கொடுத்தேன். வேலை முடிந்து வாங்கியபோது அது வெறும் கறுப்புப் பலகை. கேட்டிலேயே ஒரு சார்ஜரில் போட்டுப் பார்த்தேன், பேட்டரி படம் மட்டும் வந்து போனது.

பஸ்ஸைவிட்டு இறங்கிய கையோடு ஊத்துக்கோட்டையில் ஒரு போன் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழைய மாடல்க்கா. உள்ள ரிப்பன் மாத்தணும், அது நம்மகிட்ட இல்ல. ஆர்டர் போட்டா பத்து நாள் ஆவும்."

"பட்டன் அப்புறமா போடுப்பா. இப்போ ஆன் மட்டும் பண்ணிக் குடேன்."

"பட்டன் இல்லாம எப்டிக்கா ஆன் ஆவும்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்றது. பத்து நாளில் பரீட்சை முடிந்தே போயிருக்கும். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம், நாளைக்கு நானே இதைப் பிரிக்கப் போகிறேன் என்றேன். அவர் ஒரு இரும்பு உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறார். "இன்னாத்துக்கு மே இந்த பேஜாரு? புக்கை எட்து படி" என்றார். நான்கு நாளில் புத்தகம் முழுவதையும் முதலிலிருந்து படிக்க என்னால் முடியாது என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் சொன்னார்.

ஞாயிறு காலை, சமையலை முடித்துவிட்டு, வாசலில் வெளிச்சம் விழுகிற இடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தேன். அவர் போனில் ஒரு வீடியோ. எவரோ இந்தியில் பேசிக்கொண்டே அதே மாடலைப் பிரித்தார். பேச்சு புரியவில்லை, கை என்ன செய்கிறது என்பது புரிந்தது. பின்மூடியின் பசையைச் சூடு காட்டி இளக்க வேண்டுமாம். நம் வீட்டில் அதற்கான கருவி ஏது? முட்டிவலிக்கு ஒத்தடம் கொடுக்கிற மாதிரி கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டி, என் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து, மூடியின் ஓரங்களில் மட்டும் ஒற்றினேன். பழைய கான்ட்ராக்ட் அடையாள அட்டையைச் சந்தில் நுழைத்து மெல்ல நகர்த்தினேன். நாற்பது நிமிடம் ஆனது. மூடி கழன்று வந்தது.

மூக்குக்கண்ணாடிக்குத் திருகுகிற சின்ன ஸ்க்ரூடிரைவரால் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். ஒரு அட்டையில் போனைப் படமாக வரைந்து, எந்த ஸ்க்ரூ எந்த இடமோ அந்த இடத்தில் டேப் போட்டு ஒட்டினேன். லைனில் அப்படித்தான் பழக்கம். முதல் வேலையாக பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டேன். அப்புறம் பட்டனிலிருந்து வரும் ரிப்பனை, காகிதம் மாதிரி மெல்லிய அந்தப் பட்டை ஒயரைப் பார்த்தேன். புளியங்கொழுந்து அகலம்தான் இருக்கும். அதன் கனெக்டர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அவ்வளவுதான் நோய். விழுந்த அதிர்ச்சியில் கழன்றிருக்கிறது. புது பாகமே தேவையில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

பிரஷ்ஷால் தூசி தட்டி, கனெக்டரை இடத்தில் வைத்து நகத்தால் அழுத்தினேன். க்ளிக் என்று சின்னச் சத்தம். உடனே இழுத்தேன்.

ஏன் இழுத்தேன் என்று கேட்காதீர்கள். எங்கள் வேலையில் மூன்று சொல்தான் மந்திரம்: தள்ளு, க்ளிக், இழு. கனெக்டரைத் தள்ள வேண்டும், க்ளிக் சத்தம் கேட்க வேண்டும், சரியாகப் பிடித்திருக்கிறதா என்று ஒயரை ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். இழுக்காவிட்டால் சூப்பர்வைசர் திட்டுவார். ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரம் தடவைக்கு மேல் இழுத்த கை. என்னைக் கேட்காமலே இழுத்துவிட்டது. ஒயர் தாங்கும், ரிப்பன் தாங்குமா? சரக்கென்று கிழிந்து, பட்டன் பக்கத்துத் துண்டு என் கையோடு வந்துவிட்டது.

சரியாகிவிட்டதை நானே கெடுத்தேன். வாய்விட்டு அழுதேன். அவர் உள்ளேயிருந்து வந்து பார்த்தார். கேலி செய்யவில்லை. "மேல மூடி வெச்சிடு மே. ஆனது ஆச்சு. எழுந்து வந்து சாப்டு" என்றார்.

எழுந்திருக்கத்தான் பார்த்தேன். பாயில் கையை ஊன்றியும்விட்டேன். எழுந்து உள்ளே போனால் திரும்ப இங்கே வந்து உட்கார மாட்டேன் என்று எனக்கே தெரிந்தது. கிழித்த வெட்கம் உட்கார விடாது. "நீ கம்முனு இரு மாமா, கொஞ்ச நேரம்" என்று சொல்லிவிட்டு, கிழிந்த துண்டைக் கையில் வைத்துச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரம் இருக்கும்.

பார்க்கப் பார்க்க, அதுவும் ஒரு ஒயர் கட்டுதான் என்று பட்டது. வெயிலில் தூக்கிப் பிடித்தால் உள்ளே மெல்லிய செம்புக் கோடுகள் தெரிந்தன. ஒரு கோடு சத்தம் கூட்டுவது, குறைப்பது, பவர் என்று மூன்று பட்டனுக்கும் பொதுவாக ஓடியது. இன்னொன்று பவர் பட்டனுக்கு மட்டும் போனது. பட்டன் என்ன செய்கிறது? அமுக்கும்போது அந்த இரண்டையும் தொட வைக்கிறது. அதை நான் செய்தால் என்ன? கனெக்டரோடு ஒட்டிய பாதி இன்னும் போனிலேயே இருந்தது. கிழிந்த விளிம்பில் அதே கோடுகள் நின்றன.

பிளேடு முனையால் அந்த இரண்டு கோடுகளின் மேல்தோலை மட்டும் சுரண்டினேன். வீட்டில் கிடந்த ஒரு பழைய ஒயரைப் பிரித்து, அதில் ஒற்றைச் செம்பு இழையை எடுத்து வளைத்து, புருவம் எடுக்கிற இடுக்கியில் பிடித்துக்கொண்டேன். பேட்டரியைத் திரும்ப இணைத்தேன். இழை வேறு கோட்டில் பட்டால் போர்டே போய்விடலாம் என்று பயம். சொல்லாமலே அவர் வந்து எதிரில் உட்கார்ந்து டார்ச் அடித்தார்.

முதல் தடவை இழை வழுக்கியது. இரண்டாம் தடவை தொட்டது, ஒன்றும் நடக்கவில்லை.

"இரு மே, தண்ணி குடி" என்றார். குடித்தேன். முழங்கையைத் தரையில் ஊன்றி, மூன்றாம் தடவை வைத்து, மூச்சை அடக்கி ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். போன் ஒரு தரம் அதிர்ந்தது. திரையில் வெளிச்சம் வந்தது.

"அட, வந்துகினு கீது பாரு" என்றார் அவர், டார்ச்சை அணைக்க மறந்து.

சார்ஜரைச் சொருகி, அறுபத்து மூன்றையும் அவர் போனுக்கு மாற்றினேன். முதலில் ஒன்றைத் தட்டினேன். குக்கர் விசில் சத்தத்துக்கு நடுவில் என் குரல் தொழிற்புரட்சியின் விளைவுகளைச் சொல்ல ஆரம்பித்தது. மறுபடியும் அழுதேன், இந்தத் தடவை அவருக்குத் தெரியாமல். அந்த வாரம் அவர் தன் போனை எனக்குக் கொடுத்துவிட்டு, பழைய பட்டன் போனோடு வேலைக்குப் போனார்.

திங்கட்கிழமை கேட்டில் செக்யூரிட்டி அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் டோக்கனைக் கிழித்தபடியே, "மூணு மாசமா தெரியும்மா. பெட்டிக்குள்ள உன்னுதுதான் மினுக் மினுக்குனு எரிஞ்சிக்கினு இருக்கும். அன்னிக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் டிராயர்ல வெச்சிருப்பேன்" என்றார். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன்.

வியாழக்கிழமை பரீட்சை எழுதினேன். தேறினேன். அந்த மேஜையில் இப்போது நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். பேட்டரியோடு இப்படி விளையாடுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன், எனக்கு அன்று வேறு வழி இல்லை. ஆனால் இன்றும் ஏதாவது ஒன்றைக் கெடுத்துவிட்டு அந்த இடத்தைவிட்டு ஓடத் தோன்றும்போதெல்லாம், கெடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து போகாமல் இருந்த அந்தக் கால் மணி நேரத்தை நினைத்துக்கொள்கிறேன், என் மதிப்பெண் சான்றிதழைவிட எனக்கு அதுதான் பெரிது.