முன் என்றும் பின் என்றும் பெயரிட்டது

பாடும் பறவையின் மூளையில் சில நரம்புக்கலங்கள் உண்டு. அதன் இனத்தின் பாட்டைக் கேட்டால் படபடவென்று துடிக்கும். அதே பாட்டை முடிவிலிருந்து தொடக்கத்துக்குத் திருப்பி ஓடவிட்டால் பெரும்பாலும் சும்மா இருந்துவிடும். இரண்டிலும் சத்தம் ஒன்றுதான், சுருதியும் ஒன்றுதான். வரிசைதான் மாறுகிறது. வெளிநாட்டு ஆய்வுகூடமொன்று தந்த பதிவுகளை வைத்து இதைப் பற்றித்தான் என் ஆய்வை எழுதினேன். அந்தப் பதிவுகளில் மூன்று கலங்கள் திருப்பிய பாட்டுக்கே அதிகம் துடித்தன. அதைப் புதுமை என்று எழுதியிருந்தேன். மேற்படிப்புக்கு இடம் கிடைப்பது அந்த மூன்றில்தான் தங்கியிருந்தது.

அதைப் பல்கலைக்கழகத்தில் சபை முன் சொல்ல வேண்டிய நாள் காலை, தொண்டைமானாற்று வீட்டில் கோப்புகளை ஒருமுறை சரிபார்த்தேன். தொடக்கத்தில், நேராக ஓடும் பாட்டுக்கு ‘முன்’ என்றும் திருப்பியதற்குப் ‘பின்’ என்றும் பெயரிட்டிருந்தேன். ஒரு மாதம் கழித்து வந்த பதிவுகளில், முதலில் பதிந்ததை ‘முன்’ என்றும் அடுத்துப் பதிந்ததைப் ‘பின்’ என்றும் போட்டிருக்கிறேன். வரைபடமோ எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்திருந்தது. அந்த மூன்று கலங்களும் இரண்டாம் தொகுதியில் இருந்தன.

அந்தப் பதிவுகளோடு இருந்த பாட்டைக் கேட்டுப் பார்த்தேன். எது நேர், எது திருப்பியது என்று என் காதுக்குப் பிடிபடவில்லை. தெரிந்த குரலொன்றைத் திருப்பிப் பார்த்தால் புரியும் என்று அடுப்படிக்குப் போனேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மா, ஏதாவது சொல்லுங்கோ.”

“என்னத்தைச் சொல்ல? எங்கடை வீட்டிலை படிச்சவன் நீ ஒருத்தன்தான், நீ சொல்லு.”

அதைப் பதிந்து திருப்பிப் போட்டேன்.

“உது ஆர்?”

“நீங்கள்தான்.”

“எனக்கு விசர் எண்டு சொல்லுறியோ? பஸ்ஸை விடப் போறாய், போ.”

திருப்பிய அவர் குரலில் ஒவ்வொரு சொல்லும் மெல்ல ஊதிப் பெருகி, சட்டென்று அறுந்தது. சுவரில் பட்டு வரும் எதிரொலி சொல்லுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. பஸ்ஸில் காதுக்குள் இயர்ஃபோனை வைத்து அந்த மூன்று கலங்களுக்கும் போட்ட பாட்டுகளைக் கேட்டேன். ‘பின்’ என்றவற்றில் எதிரொலி பாட்டுக்குப் பிறகுதான் வந்தது. அவை நேரான பாட்டுகள். புதுமை என்று எதுவும் இல்லை.

யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று பஸ் மருதனார்மடத்துக்கு வரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பிறகு அதுவும் முடியவில்லை.

மண்டப வாசலில் மிஸ்ஸிடம் சொன்னேன். என் ஆய்வை வழிநடத்துபவர் அவர்.

“அப்ப உம்மட்டை மிச்சம் இருக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான்.”

“ஓம் மிஸ்.”

“இப்பவே சொல்லுறீர், நல்லது. நான் பிடிச்சிருந்தா உம்மை விட்டிருக்க மாட்டன்.” அவர் சிரிக்கவில்லை. “அந்தப் பக்கத்தை எடுத்துப்போட்டு வாரும்.”

எடுத்தேன். மிச்சத்தைச் சொல்லி முடித்தபோது யாரும் கேள்வி கேட்கவில்லை. மேற்படிப்பு இடத்தைப் பற்றி மிஸ் ஒன்றும் கதைக்கவில்லை. நானும் கேட்காமல் பஸ்ஸுக்கு நடந்தேன்.